அவர்களுடைய கோப்பு தொலைந்தாலும் நம்முடையது இருக்க வேண்டும்

2020 மார்ச் 26ஆம் திகதி. கொரோனா ஊரடங்கில் இலங்கையே வீட்டுக்குள் இருந்தது. அன்றுதான் சுனில் ரத்நாயக்கவுக்கு அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச பொதுமன்னிப்பு கொடுத்தார் என்ற செய்தி வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவில் படுகொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவ சார்ஜன்ட் சுனில்.

2000 டிசம்பரில், போரால் இடம்பெயர்ந்து வடமராட்சியில் தங்கியிருந்தவர்கள் மிருசுவிலில் தங்கள் வீடு வளவைப் பார்த்து, விறகும் எடுத்து வரலாம் என்று போனார்கள். இராணுவத்தினர் அவர்களைப் பிடித்து, கழுத்தை வெட்டி, மலசலகூடக் குழியில் போட்டார்கள். இறந்தவர்கள் எட்டுப் பேர். அதில் ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது. காயத்தோடு தப்பிய ஒருவர் ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னதால்தான் வெளியே தெரிந்தது. ஐந்து இராணுவத்தினருக்கு எதிராக வழக்கு நடந்து, 2015 ஜூன் 25ஆம் திகதி கொழும்பில் சுனில் ஒருவரை மட்டும் குற்றவாளி என்றார்கள். மற்ற நால்வரும் விடுதலை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் தண்டனையை ஒருமனதாக உறுதிப்படுத்தினார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆள் வெளியே.

அந்த வாரம் எனக்குப் பல அழைப்புகள் வந்தன. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "இனி எதுக்குப் பிள்ளை கோர்ட்டுக்குப் போறது?"

நான் சட்டத்தரணி இல்லை. சிங்களம் எழுத வாசிக்கத் தெரியும். பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தனியாகப் போகப் பயந்த குடும்பங்களுக்குத் துணையாகப் போகத் தொடங்கி, அப்படியே பழகிவிட்டேன். பிள்ளையை இராணுவம் கொண்டுபோன தாய்மார், பொலிஸில் அடி வாங்கிய பையன்கள், கடற்படை எடுத்த காணிக்காக அலைகிறவர்கள் என்று பலரோடு போயிருக்கிறேன். அங்கே பார்த்ததையும் மூத்த சட்டத்தரணிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன். இன்றைக்கு யாருக்காவது இப்படி ஒன்று நடந்தால், உடனே செய்ய வேண்டியவை இதில் இருக்கின்றன.

முதலில் அந்தக் கேள்விக்கு என் பதில். மன்னிப்பு, தண்டனையைத்தான் எடுத்துவிட்டது. இன்ன இடத்தில், இன்னார், இன்ன மாதிரிக் கொன்றார்கள் என்று நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அதை யாரும் இனிப் "புலிகளின் பிரசாரம்" என்று தள்ள முடியாது. அந்தத் தீர்ப்பு கையில் இருந்ததால்தான் மன்னிப்பையே எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுப் போட முடிந்தது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு அதே ஜனாதிபதி கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்புக் கொடுக்க அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வழக்கு விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு எல்லாம் வேண்டும். ஜனாதிபதி நினைத்த மாத்திரத்தில் செய்துவிட முடியாது.

மிருசுவில் வழக்கு ஏன் தீர்ப்பு வரைக்கும் போனது என்று யோசித்துப் பாருங்கள். தப்பியவர் உடனே சொன்னார். சில நாட்களுக்குள்ளேயே குழி தோண்டப்பட்டு உடல்கள் எடுக்கப்பட்டன. மருத்துவ அறிக்கை, இடம், சாட்சி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. அதனால் 15 வருடம் இழுத்தடித்தும் வழக்கு விழவில்லை. நான் பார்த்த மற்ற வழக்குகளில் பெரும்பாலானவை முதல் ஒரு மாதத்திலேயே பாதி செத்துவிட்டன. பிறகு எத்தனை பெரிய சட்டத்தரணி வந்தாலும் அந்த மாதத்தைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

அந்த ஒரு மாதம் சட்டத்திலும் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால், 126ஆம் உறுப்புரையின்படி சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைகிற ஒரு தாய்க்கு இது எங்கே தெரியப்போகிறது? ஆனால் ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. ஆகவே ஆணைக்குழுவால் நடவடிக்கை வருமா வராதா என்று யோசித்துக்கொண்டு இருக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருக்கிற பிராந்திய அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதி போட்ட பற்றுச்சீட்டையும் வாங்காமல் வெளியே வர வேண்டாம். வாயால் சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் சொல்லாத மாதிரித்தான்.

அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. ஓர் அம்மாவோடு ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய், அவர் பல வருடத்துக்கு முன் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்கினோம். சிங்களத்தில் இருந்தது. நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது. அவர் சொன்னது, "இன்ன முகாமிலிருந்து ஆமிக்காரர் வந்து, என் முன்னாலேயே மகனை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள்" என்று. எழுதியிருந்தது, "அடையாளம் தெரியாத ஆயுததாரிகள் கொண்டுபோனார்கள்" என்று. கீழே அவருடைய கையெழுத்து.

"நான் முகாமின்ர பேரையும் சொன்னனான் பிள்ளை. அவன் தலையைத் தலையை ஆட்டி எழுதினவன்" என்றார் அம்மா.

அந்த ஒரு வரியால், அதன்பின் வந்த ஒவ்வொரு விசாரணையிலும் அவரே மாற்றிச் சொல்கிறார் என்று கேள்வி கேட்டார்கள். இப்படி ஒரு குடும்பத்துக்கு மட்டும் நடக்கவில்லை. வேறு வேறு ஊர்களில் இதே சொற்களை நான் வாசித்திருக்கிறேன். ஆகவே தமிழில்தான் வாக்குமூலம் எழுத வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. தமிழ் தெரிந்தவர் இல்லை, சிங்களத்தில்தான் எழுத முடியும் என்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: "இது எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்படவில்லை." நான் கூடப்போன இடங்களில் இந்த வரியை எழுதப் போனவுடனேயே எங்கிருந்தோ தமிழ் தெரிந்த ஒருவர் வந்துவிடுவார். எழுதிய புத்தகத்தின் பக்கம், பதிவு இலக்கம், எழுதியவரின் பெயர், பதவி இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிகாயம் என்றால் தனியார் வைத்தியசாலைக்குப் போக வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் போய் வாட்டில் நில்லுங்கள். யார் அடித்தது, எதனால் அடித்தது, எங்கே வைத்து அடித்தது என்று மருத்துவரிடம் சொல்லி எழுதவையுங்கள். "விழுந்துவிட்டேன் என்று சொல்" என்று கூட்டிவந்த பொலிஸ்காரரே சொல்லிக்கொடுப்பது உண்டு. சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். இலங்கையில் சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி தனிக் குற்றம். குறைந்தது ஏழு வருடச் சிறை. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் தண்டனை பெற்றவர்கள் மிகச் சொற்பம். அந்தச் சொற்பமும் முதல் மருத்துவக் குறிப்பு ஒழுங்காக இருந்த வழக்குகளில் வந்ததுதான்.

படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது திருகோணமலை மாணவர்களின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கைக்குண்டுக் கதை அத்தோடு முடிந்தது. அந்த மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்த மாணவர்களில் ஒருவரின் தகப்பன், மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன், மிரட்டல் தாங்காமல் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. 2019 ஜூலையில், இந்தக் கொலைக்காகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த, பொலிஸ் விசேட அதிரடிப் படையினர் உட்பட 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சியைத் துரத்தினார்கள், பிறகு சாட்சி இல்லை என்றார்கள். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே படம் எடுங்கள். எடுத்தவரின் பெயரை எங்கேயும் போட வேண்டாம். அன்றைக்கே அதை ஊருக்கு வெளியே, முடிந்தால் நாட்டுக்கு வெளியே இருக்கிற நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். கைபேசியிலிருக்கிற மூலப் படத்தை அழிக்காமல், வெட்டாமல், எழுத்துப் போடாமல் வைத்திருங்கள். சாட்சிகளையும் பாதுகாப்புச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. சாட்சிகளைப் பாதுகாக்க என்று 2015இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023இல் இன்னொரு சட்டமும் வந்தன. ஆனால் பாதுகாப்புக்கு வரப்போகிறவரும் பொலிஸ்தான். எதிரியும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரும், பொலிஸ் என்றால் யார்தான் துணிந்து போவார்? ஒரே ஒரு ஆள் எல்லாச் சுமையையும் தாங்கும்படி வைக்காமல், பார்த்தவர்கள் எல்லோரிடமும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசியாகச் செய்துவிட்டால், நாளைக்கு அவர் கனடா போனாலும், காலமாகிவிட்டாலும் அவருடைய சொல் இருக்கும்.

வழக்குத் தொடங்கினால் அடுத்த அடி, இடமாற்றம். எதிரிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி வழக்கை அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ மாற்றுவார்கள். 1996 பெப்ரவரியில் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் பெண்கள், பிள்ளைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டார்கள். அந்த வழக்கு அனுராதபுர மேல் நீதிமன்றத்துக்குப் போய், 20 வருடம் கழித்து 2016 ஜூலையில், ஆறு இராணுவத்தினரையும் ஜூரிகள் குற்றமற்றவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஊர்ச் சனம் நீதிமன்றத்திலேயே எதிரிகளை அடையாளம் காட்டியிருந்தும் அதுதான் முடிவு.

நீதிமன்றத் தவணைக்குப் போகிற செலவு என்ன என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. முதல் நாள் இரவு பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போகும். ஆடு மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டுப் போக வேண்டும். போனால், எதிரி ஒருவர் வரவில்லை, சட்டமா அதிபரின் ஆலோசனை வரவில்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று ஐந்து நிமிடத்தில் மறு தவணை. அதே நேரம் எதிரிகளை இராணுவ வாகனத்தில் கூட்டிவந்து, கூட்டிக்கொண்டு போவார்கள். இப்படிச் சில வருடம் போனால் சனம் தானாகவே நின்றுவிடும். நின்றதும் "முறைப்பாட்டாளருக்கு அக்கறை இல்லை" என்று எழுதிவிடலாம்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒரு கொப்பி. ஒவ்வொரு தவணைக்கும் திகதி, நீதிபதியின் பெயர், யார் வந்தது, யார் வராதது, ஏன் ஒத்திவைத்தது, அடுத்த தவணை எப்போது என்று எழுதுவது. எல்லோரும் போக வேண்டியதில்லை, முறை வைத்து ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் போனால் போதும். ஆனால் ஒரு தவணைகூட ஆளில்லாமல் போகக் கூடாது. பாதிக்கப்பட்டவர் சார்பில் ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று தன் பெயரைப் பதிய வேண்டும். எத்தனை தவணை எதிரி தரப்பாலோ அரச தரப்பாலோ ஒத்திவைக்கப்பட்டது என்று பின்னால் ஒரு நாள் கேள்வி வரும்போது, நீதிமன்றப் பதிவேட்டைத் தேடி அலைய வேண்டாம், கொப்பியில் இருக்கும்.

சட்டத்தரணிகளையும் விட்டுவைக்க மாட்டார்கள். 1996இல் நாவற்குழி இராணுவ முகாமில் காணாமல் ஆக்கப்பட்ட இளைஞர்களுக்காக 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டன. ஆஜரானவர்களில் ஒருவர் யாழ் பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர் குமாரவடிவேல் குருபரன். பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் எப்படி வழக்குப் பேசலாம் என்று இராணுவம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டது. அவர் நீதிமன்றத்தில் ஆஜராவதைத் தடுத்தார்கள். 2020இல் அவர் பல்கலைக்கழக வேலையை விட்டார். இந்தமாதிரி வழக்குகளைத் தொடுகிற ஒரு சிலரை நாம் தனியே விட்டுவிடக் கூடாது. கட்டணம் கொடுக்க முடியாவிட்டாலும், ஆவணங்களை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தாலே அவர்களுக்குப் பெரிய உதவி.

ஆட்கொணர்வு மனுவால் பிள்ளை வீட்டுக்கு வந்ததை நான் காணவில்லை. ஆனாலும் போடத்தான் வேண்டும் என்பேன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களுக்காக அனந்தி சசிதரனும் மற்றக் குடும்பங்களும் போட்ட மனுக்களில், 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவம் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒன்பது வருடம் அம்மாக்கள் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லி வாங்கிய தீர்ப்பு அது.

அரசு அடுத்தடுத்து அமைத்த விசாரணை ஆணைக்குழுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடலாகம ஆணைக்குழு, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, அப்புறம் 2018இலிருந்து இயங்குகிற காணாமற்போனோர் அலுவலகம். ஒரே தாய் எல்லா இடமும் போய், ஒரே கதையைச் சொல்லி, ஒரே படத்தைக் கொடுத்திருக்கிறார். சிலர் மகனின் இருந்த ஒரே படத்தையும், அடையாள அட்டையின் மூலத்தையும் கொடுத்துவிட்டு இன்றைக்கு வீட்டுச் சுவரில் மாட்ட ஒன்றும் இல்லாமல் இருக்கிறார்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். நீதிமன்றம் கேட்டால் மட்டும், பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அரசாங்கம் காசு தரும்போதும் கவனம் வேண்டும். 2022இல் காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களுக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை முடிவு செய்தது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து கொட்டகை போட்டுப் போராடுகிற தாய்மார் பலர் வேண்டாம் என்றார்கள். வறுமையால் வாங்கியவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் கையெழுத்துப் போடுகிற கடதாசியில் என்ன இருக்கிறது என்று வாசித்துவிட்டுப் போடுங்கள். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமல் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழை 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கலாம். அதை வைத்து வங்கிக் கணக்கு, காணி அலுவல்களைப் பார்க்கலாம். மகன் செத்துவிட்டான் என்று நீங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகாது.

அலுவலகங்கள் பதிலே தராவிட்டால், 2016இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். "என் மகன் எங்கே" என்று கேட்டால் தேசியப் பாதுகாப்பு என்று மறுத்துவிடுவார்கள். "இன்ன இலக்க முறைப்பாட்டுக் கோப்பு இப்போது எந்த அதிகாரியிடம், கடைசியாக எடுத்த நடவடிக்கையின் திகதி என்ன" என்று கேளுங்கள். சின்னக் கேள்விக்குப் பதில் வரும். "கோப்பைக் காணவில்லை" என்று வந்தாலும் அதை எறிய வேண்டாம். அரசாங்கமே எழுதித் தந்த சாட்சியம் அது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2021ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பின் இலங்கை பற்றிய ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. அங்கேயும் ஒரு பிரதி போகட்டும்.

இத்தனைக்கும் பிறகு கூண்டில் நிற்பது யார்? கிருஷாந்தி குமாரசுவாமி வழக்கை எடுங்கள். 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்த 18 வயது மாணவி கைதடிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப் போன தாய், தம்பி, அயலவர் மூவரையும் கொன்றார்கள். 1998இல் தண்டனை பெற்றவர்கள் எல்லாம் கீழ்நிலைச் சிப்பாய்களும் பொலிஸாரும். முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர்களைக் கேட்கவில்லை. மறுபுறம், போரின் கடைசிக் கட்டத்தில் 58ஆவது படைப்பிரிவை நடத்திய சவேந்திர சில்வா 2019இல் இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டார். 2020இல் அமெரிக்காவும் 2025இல் பிரித்தானியாவும் அவர்மேல் தடை போட்டன. இங்கே ஒரு விசாரணையும் இல்லை. இதனால்தான், வாக்குமூலம் கொடுக்கும்போது முகாமின் பெயர், அதற்குப் பொறுப்பானவர் யார், அவர் அன்றைக்கு எங்கே இருந்தார், அவரிடம் போய்க் கேட்டபோது என்ன சொன்னார் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள் என்று சொல்கிறேன். ட்ரக்கில் ஏற்றியவரின் முகம் மட்டும் போதாது.

தெற்கிலும் இதே கதைதான். 1987 முதல் 1990 வரை காணாமல் ஆக்கப்பட்ட சிங்களப் பிள்ளைகளுக்காக சீதுவைக்குப் பக்கத்தில் ரத்தொலுவையில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. ஒவ்வொரு ஒக்டோபர் 27ஆம் திகதியும் அங்கே கூடுவார்கள். ஒருமுறை நானும் போனேன். மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிங்களத் தாய், எங்களோடு வந்த அம்மாவிடம் தன் கோப்பைத் திறந்து காட்டினார். அதே மாதிரிப் பழுத்த கடதாசிகள், அதே மாதிரி "உங்கள் கடிதம் கிடைத்தது" என்ற பதில்கள். நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

கிருஷாந்தி வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச, யாழ்ப்பாணத்துச் செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் 15 உடல்களை எடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். 2025இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டும்போது எலும்புகள் வெளிவந்து, நீதிமன்ற உத்தரவோடு அகழ்ந்ததில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒரு பிள்ளையின் புத்தகப்பை, பொம்மை, பால் போத்தல்கூட இருந்தன. அந்த ஓகஸ்டில் பொருட்களைப் பொதுமக்கள் அடையாளம் காட்டக் காட்சிக்கு வைத்தார்கள்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் காணாமல் போனவர் இருந்தால், இந்த வாரமே எழுதுங்கள். உயரம், எந்தப் பல் இல்லை, எந்தக் கை முறிந்து பொருந்தியது, அன்றைக்கு உடுத்திருந்தது என்ன, செருப்பு என்ன நிறம், கழுத்தில் என்ன இருந்தது. பழைய பாடசாலைப் படம், பல் வைத்தியரின் துண்டு, எக்ஸ்ரே ஏதாவது இருந்தால் சேர்த்து வையுங்கள். மரபணுச் சோதனை என்று வரும்போது தாயோ தகப்பனோ இருந்தால்தான் ஒப்பிடுவது சுலபம். கிளிநொச்சிக் கொட்டகையில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் இப்போது இல்லை. ஆகவே அம்மா இருக்கும்போதே, அவருடைய மாதிரியை எடுத்துப் பாதுகாக்க ஒழுங்கு செய்யுமாறு சட்டத்தரணி மூலம் நீதவானிடம் விண்ணப்பியுங்கள். கோப்பை இனி யார் வைத்திருக்கப்போகிறார்கள் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். பேரப்பிள்ளை ஒருவருக்கு அதில் ஒவ்வொரு கடதாசியும் என்னவென்று சொல்லிக்கொடுங்கள்.